ஓவர்கிளாக் செய்த ரைசன் சும்மா இருக்கும்போதே 98 வாட் இழுக்கிறது: வேகத்தை விடாமல் குறைக்க வழி உண்டா?

ஈசூன்வாசி | சனி, இரவு 11:20

வணக்கம் நண்பர்களே. மூன்று வருடமாக இங்கே வாசிக்கிறேன், கேள்வி கேட்பது இதுதான் முதல்முறை.

வீட்டில் ரைசன் 7 5800எக்ஸ், ஏஎம்டியின் சிப், உள்ளே எட்டு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்). பி550 போர்டு, 3600 வேகத்தில் 32 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 3060, 850 வாட் கோல்டு பவர் சப்ளை, பெரிய ஏர் கூலர். வார இறுதிகளில் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கிறேன். ரெண்டர் சீக்கிரம் முடியட்டும் என்று போன வருடம் ஒரு வீடியோவைப் பார்த்து ஓவர்கிளாக் (சிப்பை வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்தேன்: எட்டு கோரும் 4.6 கிகாஹெர்ட்ஸ், வோல்டேஜ் 1.325இல் நிலையாக. அதில் சொன்னபடியே பயாஸில் (போர்டின் அமைப்புப் பக்கம்) சி-ஸ்டேட், கூல் அண்ட் கொயட் என்ற இரண்டு மின்சேமிப்பு வசதிகளையும் அணைத்துவிட்டேன். ஒரு வருடமாக ஒருமுறைகூடத் தொங்கவில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டு அண்ணன் சுவரில் செருகும் வாட் மீட்டர் ஒன்றைக் கொடுத்தார். ரெண்டர் ஓடும்போது 215 வாட். அது எதிர்பார்த்ததுதான். பிறகு எல்லாவற்றையும் மூடிவிட்டு வெறும் டெஸ்க்டாப்பை வைத்துக்கொண்டு மீட்டரையே பார்த்தேன். 98, 97, 98, 99. பத்து நிமிடம் ஆகியும் 97க்குக் கீழே இறங்கவே இல்லை. மானிட்டர் இதில் சேராது, பெட்டி மட்டும்.

இந்தக் கம்ப்யூட்டரை நான் அணைப்பதில்லை. குடும்பப் படங்கள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன. ஊரில் அம்மா, பினாங்கில் அக்கா, இருவரும் நினைத்த நேரத்தில் திறந்து பார்ப்பார்கள். ரெண்டர் நேரம் போக ஒரு நாளில் 20 மணி நேரமாவது பெட்டி சும்மாதான் நிற்கிறது. சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீடு, சின்னப் படுக்கையறை. இரவு இரண்டு மணிக்கும் மேசைக்கடியில் காலை நீட்டினால் அடுப்படியில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

ரெண்டர் வேகத்தை விட மனமில்லை. ஆனால் சும்மா இருக்கும்போது சும்மா இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்குமா?


பழைய சாலிடர் | ஞாயிறு, காலை 7:05

நடக்கும் தம்பி. உங்கள் 98 வாட்டுக்குக் காரணம் ஓவர்கிளாக் இல்லை, நீங்கள் அணைத்து வைத்திருக்கும் அந்த இரண்டு ஸ்விட்ச்.

அந்த ஆலோசனை எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். நான் முதலில் ஓவர்கிளாக் செய்தது 1998இல், இன்டெலின் செலரான் 300ஏ. அடிப்படை வேகமான 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை 100க்கு ஏற்றினால் 300 ஓடுகிற சிப் 450இல் ஓடும். அன்றைய டெஸ்க்டாப் சிப்புகளில் ஓடும்போதே வேகத்தை ஏற்றி இறக்கும் வசதி கிடையாது. அது 2003இல் ஏஎம்டியின் அத்லான் 64உடன் கூல் அண்ட் கொயட்டாக வந்தது, இன்டெல் டெஸ்க்டாப்பில் 2005 வாக்கில் ஸ்பீட்ஸ்டெப்பாக வந்தது. அந்த ஆரம்ப காலத்தில் ஓவர்கிளாக் செய்த சிப் வேகம் மாறும் நொடியில் தடுமாறும். அதனால் "முதலில் பவர் சேவிங்கை அணை" என்றோம். அன்று அது சரி. இருபது வருடம் கழித்தும் அதே வரியை வீடியோவில் திருப்பிச் சொல்கிறார்கள்.

இப்போது கணக்கு. சிப் வேலை செய்யும்போது இழுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேராக ஏறும், வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். 4.6 கிகாஹெர்ட்ஸ், 1.325 வோல்ட் ஒரு பக்கம். வேகம் இறங்கிய நிலையில் 2.2 கிகாஹெர்ட்ஸ், 0.9 வோல்ட் மறுபக்கம். வோல்டேஜால் மட்டும் 2.17 மடங்கு, வேகத்தால் 2.09 மடங்கு, பெருக்கினால் நாலரை மடங்கு. இது போக, வேலையே செய்யாவிட்டாலும் டிரான்சிஸ்டர் வழியே கசியும் மின்சாரம் உண்டு. வோல்டேஜ் ஏறினாலும் சூடு ஏறினாலும் கசிவும் ஏறும். 31 டிகிரி அறையில் அது சும்மா விடாது.

இதைவிட முக்கியம் தூக்கம். வேகம் குறைவது வேறு, தூங்குவது வேறு. வேகத்தைக் குறைப்பது கூல் அண்ட் கொயட், தூங்க வைப்பது சி-ஸ்டேட். கோருக்கு வேலை இல்லையென்றால் முதலில் சி1, கிளாக் மட்டும் நிற்கும். வேலை வராமலே போனால் சி6. கோர் தன் நிலையை எழுதி வைத்துவிட்டு மின்சாரத்தையே துண்டித்துக்கொள்ளும். வெளியே 4.6 என்று பூட்டி வைத்திருந்தாலும் தூங்கும் கோருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நீங்கள் எட்டுப் பேரையும் விளக்கைப் போட்டு விடிய விடிய உட்கார வைத்திருக்கிறீர்கள்.

இன்று ஒன்று மட்டும் செய்யுங்கள். பயாஸில் குளோபல் சி-ஸ்டேட் கன்ட்ரோலை இயக்குங்கள். வேறு எதையும் தொடாதீர்கள், வோல்டேஜும் 4.6உம் அப்படியே இருக்கட்டும். விண்டோஸ் பவர் பிளான் பேலன்ஸ்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மீட்டர் என்ன சொல்கிறது என்று எழுதுங்கள்.


செங்காங் ராக்கோழி | ஞாயிறு, காலை 9:40

அண்ணே, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 30 வாட் மிச்சம் பிடித்தாலும் 20 மணி நேரம், 365 நாள், 219 யூனிட். யூனிட் ஏறத்தாழ 30 காசு என்றால் வருடத்துக்கு 66 வெள்ளி, மாதம் ஐந்தரை வெள்ளி. படுக்கையறை ஏர்கோனே அதைவிடப் பல மடங்கு சாப்பிடும். ஒரு வருடம் தொங்காமல் ஓடிய பெட்டியை இதற்காகக் கலைக்க வேண்டுமா? நான் இரவுப் பணிக்காரன். நடுராத்திரியில் சிஸ்டம் விழுந்து வேலை போனதன் வலி எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.


மின்மினி | ஞாயிறு, காலை 10:15

ராக்கோழி தம்பி, நீங்கள் போட்ட கணக்கு சரி. அதில் ஒன்று விட்டுப்போனது. பெட்டி இழுக்கிற 98 வாட்டும் கடைசியில் அதே அறைக்குள் சூடாகத்தான் வெளியே வருகிறது. ஏர்கோன் ஓடும் நேரமெல்லாம் அந்தச் சூட்டையும் சேர்த்து வெளியே தள்ள வேண்டும். மூன்று வாட் சூட்டைத் தள்ள ஒரு வாட் என்று வைத்துக்கொண்டாலும் 30 வாட்டுக்கு மேலே இன்னொரு 10. நம் ஊரில் குளிர்காலம் என்று ஒன்று இல்லை. அந்தச் சூடு நமக்குப் பயன்படும் நாள் வருடத்தில் ஒன்றுகூடக் கிடையாது. பணத்தை விடுங்கள், ஏர்கோன் போடாத இரவில் அந்த அறையில் தூங்குகிறவருக்கு 30 வாட் பெரிய விஷயம்.

சாலிடர் அண்ணன் சொன்ன தூக்கம் விஷயத்துக்கு என்னிடம் அளவு இருக்கிறது. என்னுடையது இன்டெல் ஐ5-12600கே, பெரிய கோர்கள் 5.1இல். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை, அதனால் எண்கள் சின்னவை. நிலையான 1.28 வோல்ட், சி-ஸ்டேட் இயக்கத்தில்: சுவரில் 38 வாட். அடாப்டிவ் வோல்டேஜ் (வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவது), சி-ஸ்டேட் இயக்கத்தில்: 35. அடாப்டிவ் வோல்டேஜ், சி-ஸ்டேட் அணைத்து: 61. நிலையான வோல்டேஜால் போனது மூன்று வாட், தூக்கத்தைக் கெடுத்ததால் போனது 26. நிலையான வோல்டேஜ்தான் ஐடிலைக் (சும்மா நிற்கும் நிலையை) கெடுக்கும் என்று நானும் பல வருடம் நம்பியிருந்தேன். மீட்டர் வைத்த பிறகுதான் தெளிந்தேன்.

ஆனாலும் அடாப்டிவையே வைத்திருக்கிறேன். முழுத் தூக்கத்துக்கும் முழு வேலைக்கும் நடுவே, பிரவுசர், பாட்டு, ஒரு பிடிஎஃப் என்று போகும் நேரம்தான் அதிகம். அங்கே வோல்டேஜ் இறங்கினால் கூலர் சத்தமும் இறங்குகிறது.

ஈசூன்வாசி, இன்னொன்று. மென்பொருளில் தெரியும் மெகாஹெர்ட்ஸை நம்பி முடிவெடுக்காதீர்கள். வேகத்தைக் கேட்கப் போவதே கோரைத் தட்டி எழுப்பிவிடும். எழுந்தவன் "4600" என்று சொல்லிவிட்டுத் திரும்பத் தூங்கப் போவான். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் எஃபெக்டிவ் கிளாக் என்று தனி வரி இருக்கிறது, தூங்கிய நேரத்தையும் சேர்த்த சராசரி. அதைப் பாருங்கள்.


ஈசூன்வாசி | ஞாயிறு, மாலை 6:30

சி-ஸ்டேட் மட்டும் இயக்கினேன். 70 வாட்! மீட்டர் கெட்டுவிட்டதோ என்று மேசை விளக்கைச் செருகிச் சரிபார்த்தேன், மீட்டர் சரிதான். மின்மினி அக்கா சொன்ன வரியையும் பார்த்தேன். ஒரு பக்கம் எட்டு கோரும் 4600 என்கிறது. எஃபெக்டிவ் கிளாக்கில் 12, 30, 8, 51 என்று ஓடுகிறது. இது இத்தனை நாள் எனக்குத் தெரியாமலே போனது.

ரெண்டர் நேரம் மாறவில்லை. வழக்கமாகச் சோதிக்கும் வரவேற்பு வீடியோ 18 நிமிடம் 40 விநாடி. இப்போது 18:41.

இன்னும் இறக்க முடியுமா?


பழைய சாலிடர் | ஞாயிறு, இரவு 8:10

முடியும். அடுத்தபடி அந்த 4.6 பூட்டையே கழற்றுவது. ரைசனில் மல்டிப்ளையரைக் (வேகத்தை நிர்ணயிக்கும் எண்ணை) கையால் வைத்ததும் சிப் தானாக ஏறி இறங்கும் வழி அடைபடும். உங்கள் 5800எக்ஸ் பெட்டியில் 4.7 என்று போட்டிருந்தாலும் ஒற்றைக் கோர் வேலையில் 4.85 வரை போகக்கூடியது. நீங்கள் 4.6இல் பூட்டி, எடிட் செய்யும்போது டைம்லைனை இழுக்கும் வேகத்தை ஒரு வருடமாக இழந்திருக்கிறீர்கள். ஓவர்கிளாக் என்ற பெயரில் பாதி நேரம் மெதுவாகத்தான் ஓட்டியிருக்கிறீர்கள்.

எல்லாவற்றையும் ஆட்டோவுக்குக் கொண்டுபோய், பயாஸில் பிபிஓ என்ற ஏஎம்டியின் வேக அமைப்புக்குள் கர்வ் ஆப்டிமைசரைத் திறங்கள். ஒவ்வொரு கோருக்கும் ஒரு எண் வைக்கலாம், மைனஸ் 30 வரை. ஒரு படி ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட். ஒரே வேகத்துக்குக் குறைந்த வோல்டேஜ் போதும் என்று சிப்பிடம் சொல்கிறோம். மிச்சமாகும் மின்சாரத்தைச் சிப் வேகமாக மாற்றிக்கொள்ளும். சிப்புக்கு வைத்திருக்கும் 142 வாட் எல்லையை ஏற்ற வேண்டாம். எல்லைக்குள்ளேயே உங்கள் 4.6க்குப் பக்கத்தில் வரும். மைனஸ் 10இல் தொடங்கி ஒரு வாரம் ஓட்டிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். அவசரம் வேண்டாம்.


ஈசூன்வாசி | செவ்வாய், காலை 6:50

அண்ணே, அவசரப்பட்டுவிட்டேன். எல்லாக் கோருக்கும் மைனஸ் 25 வைத்தேன். ரெண்டர் 18:35, முன்னைவிட ஐந்து விநாடி குறைவு. ரெண்டரில் சுவரில் 203 வாட். ஐடிலில் 66. இரண்டு மணி நேரம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட்டினேன், அசையவில்லை. நிம்மதியாகப் படுத்தேன்.

விடிகாலை 3:12க்குப் பெட்டி தானாக ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. யாரும் தொடவில்லை, ஒரு வேலையும் ஓடவில்லை. அம்மா காலையில் படம் திறக்கவில்லை என்று அழைத்தபிறகுதான் எனக்கே தெரியும். இரண்டு மணி நேரம் முழு பாரத்தைத் தாங்கியவன் தூக்கத்தில் எப்படி விழுவான்? பவர் சப்ளை போய்விட்டதா?


பழைய சாலிடர் | செவ்வாய், காலை 8:20

தம்பி, பவர் சப்ளையைக் கழற்றாதீர்கள். முதலில் விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பதிவுகளில் 3:12க்குப் போங்கள். டபிள்யூஎச்இஏ லாகர் (வன்பொருள் பிழைப் பதிவு), எண் 18 என்று சிவப்பில் ஒன்று இருக்கும். அதற்குள் "ப்ராசசர் ஏபிஐசி ஐடி" என்று ஒரு எண். அந்த எண்ணைப் போடுங்கள்.

ஏன் தூக்கத்தில் விழுந்தது? ஸ்ட்ரெஸ் டெஸ்டில் எட்டுப் பேரும் சேர்ந்து ஓடுகிறார்கள், யாரும் 4.6ஐத் தாண்டுவதில்லை. 4.85ஐத் தொடுவது எப்போது? ஏழு பேர் தூங்கி, ஒருவன் மட்டும் ஒரு சின்ன வேலைக்கு எழும்போது. நடுராத்திரியில் விண்டோஸ் ஏதோ ஒரு கோப்பைப் பார்க்க எழுப்புகிறது. அவன் தூக்கத்திலிருந்து நேராக உச்சிக்குத் தாவுகிறான், நீங்கள் 25 படி குறைத்த வோல்டேஜோடு. அங்கே கால் எட்டவில்லை. வேகத்தைக் கூட்டினால் பாரத்தில் சோதிக்க வேண்டும், வோல்டேஜைக் குறைத்தால் ஓய்வில் சோதிக்க வேண்டும். உங்கள் இரண்டு மணி நேர டெஸ்ட் தவறான இடத்தில் தேடியிருக்கிறது.


ஈசூன்வாசி | செவ்வாய், மதியம் 1:05

இருக்கிறது அண்ணே. சொன்ன மாதிரியே 18, "கேஷ் ஹையரார்க்கி எரர்", ஏபிஐசி ஐடி 6. ஞாயிறு இரவும் ஒன்று இருக்கிறது, அன்று நான் கவனிக்கவில்லை. அதிலும் 6தான்.


பழைய சாலிடர் | செவ்வாய், மதியம் 1:30

அந்த எண் கோரை இல்லை, த்ரெட்டை (கோருக்குள் ஓடும் வேலை வரிசையை) எண்ணுகிறது. ஒரு கோருக்கு இரண்டு த்ரெட். ஆறை இரண்டால் வகுங்கள், மூன்று. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் கோர் 3. ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர் மென்பொருளில் அந்தக் கோருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருக்கும் என்று நினைக்கிறேன், பாருங்கள். இருந்தால் விளக்கம் எளிது. நட்சத்திரக் கோர் உங்கள் சிப்பிலேயே நல்லவன். குறைந்த வோல்டேஜில் அதிக வேகம் போகும் என்று தொழிற்சாலையிலேயே அவனுக்குக் கணக்காக அளந்துவிட்டார்கள். குறைக்க அவனிடம் மிச்சம் இல்லை. சாதாரணக் கோர்களிடம்தான் இடம் இருக்கும். எல்லோருக்கும் ஒரே மைனஸ் வைத்தால் முதலில் விழுவது நல்லவன்தான்.

கோர் 3ஐ மைனஸ் 8க்குக் கொண்டுவாருங்கள், அதற்கு அடுத்த நல்ல கோரை மைனஸ் 12. மற்றவர்கள் மைனஸ் 20. கோர்சைக்ளர் என்று ஒரு இலவச ஸ்கிரிப்ட் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டும் ஓட்டிச் சோதிக்கும். இரவு முழுக்க அது ஓடட்டும். மறுநாள் இரவு எதையும் ஓட்டாமல் சும்மா விடுங்கள். அந்தச் சும்மா இரவைத் தவற விடாதீர்கள், அதுவும் ஒரு சோதனைதான்.

பிறகும் ஓய்வில் விழுந்தால் மட்டும் பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள். பயாஸில் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல் என்று ஒன்று இருக்கிறது. மிகக் குறைந்த கரண்ட்டில் நிலைக்க முடியாத பழைய சப்ளைகளுக்காக அதில் டிப்பிக்கல் என்று வைப்பார்கள். சில வாட் கூடும், அதனால் அதை முதல் மருந்தாகக் கொடுக்காதீர்கள்.


மின்மினி | செவ்வாய், இரவு 9:00

சாலிடர் அண்ணன் சொன்ன "ஓய்வில் சோதி" என்பதற்கு என் பக்கத்திலிருந்து ஒன்று. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் நிலைகுலைந்த விவகாரத்தில், 2024இல் இன்டெல் வெளியிட்ட விளக்கத்தில் நான்கு காரணங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று, ஓய்விலும் லேசான வேலையிலும் சிப் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டது. அதற்கான மைக்ரோகோட் (சிப்பின் உள் நிரல்) திருத்தம் அந்த வருடம் செப்டம்பரில் வந்தது. அந்தச் சிப் வைத்திருப்பவர் யாராவது இந்த இழையைப் படித்தால், ஓவர்கிளாக் பற்றி யோசிக்கும் முன் பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். ஐடில் வோல்டேஜ் வெறும் பில் விஷயம் இல்லை, சிப்பின் ஆயுளும் அதில் இருக்கிறது.

ஈசூன்வாசிக்கு ஒரு கேள்வி. எத்தனை மானிட்டர்?


ஈசூன்வாசி | செவ்வாய், இரவு 9:25

இரண்டு அக்கா. ஒன்று 144 ஹெர்ட்ஸ், ஒன்று 60. ஏன்?

கோர் 3க்கு நட்சத்திரம் இருக்கிறது, சாலிடர் அண்ணே.


மின்மினி | செவ்வாய், இரவு 9:40

அங்கே ஒரு பத்து வாட் ஒளிந்திருக்கலாம். இரண்டு மானிட்டரும் வேறு வேறு வேகத்தில் இருந்தால் பல கார்டுகள் வீடியோ மெமரியின் கிளாக்கை இறக்காமலே வைத்திருக்கும். 144ஐ 120 ஆக்கி, கார்டின் மெமரி கிளாக் இறங்குகிறதா என்று பாருங்கள்.

850 வாட் சப்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஆனால் அதற்காக மாற்றச் சொல்ல மாட்டேன். 80 பிளஸ் கோல்டு என்ற மின்திறன் சான்றிதழின் சோதனை 20, 50, 100 சதவீத பாரத்தில்தான். 60 வாட் என்பது 850இல் 7 சதவீதம்தான். அங்கே எப்படி நடந்துகொள்ளும் என்று கோல்டு முத்திரை உறுதி கொடுப்பதில்லை. 10 சதவீத பாரத்துக்கும் நிபந்தனை வைப்பது டைட்டானியம் போன்ற மேல் தரங்கள்தான். அடுத்த முறை பெட்டி கட்டும்போது தேவைக்கு மேல் பெரிய சப்ளை வாங்காதீர்கள். சிம் லிம் கணினிக் கடைகளில் கேட்டால் எப்போதும் ஒரு படி பெரியதைத்தான் கையில் கொடுப்பார்கள்.


செங்காங் ராக்கோழி | புதன், காலை 5:45

என் பெட்டியிலும் பார்த்தேன். நானும் சி-ஸ்டேட்டை அணைத்துத்தான் வைத்திருந்தேன். இயக்கியதும் 24 வாட் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். நிலைத்தன்மை கெடாமல் செய்யக்கூடியது முதல் படியிலேயே இருந்திருக்கிறது. கர்வ் ஆப்டிமைசரை மட்டும் இப்போதைக்குத் தொட மாட்டேன்.

ஒரு யோசனையும் உண்டு. படங்களை ஒரு சின்ன மினி பிசிக்கு மாற்றிவிட்டு, பெரிய பெட்டியைத் தூங்க வைக்கலாமே? ஸ்லீப்பில் இரண்டு மூன்று வாட்தான். தேவைப்படும்போது நெட்வொர்க் வழியே எழுப்பலாம்.


ஈசூன்வாசி | ஞாயிறு, இரவு 10:10

ஒரு வாரம் ஆகிவிட்டது, கணக்கை ஒப்படைக்கிறேன்.

கோர் 3 மைனஸ் 8, கோர் 5 மைனஸ் 12, மற்றவை மைனஸ் 20. கோர்சைக்ளர் ஒரு முழு இரவு ஓடியது, பிழை இல்லை. பிறகு மூன்று இரவு எதையும் ஓட்டாமல் விட்டேன். ஈவென்ட் வியூவரில் ஒரு சிவப்புக் குறியும் இல்லை. மானிட்டரை 120க்கு இறக்கியதும் கார்டின் மெமரி கிளாக் விழுந்தது, மீட்டர் 67இலிருந்து 56க்கு வந்தது. ரெண்டர் 18:37. டைம்லைனை இழுக்கும்போது முன்பு இருந்த அந்த இழுபறி இல்லை.

98இலிருந்து 56. நேற்று இரவு மேசைக்கடியில் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு நிச்சயதார்த்தம் முழுவதையும் வெட்டி முடித்தேன். கூலர் சுற்றுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. ராக்கோழி, மினி பிசி யோசனை மனதில் இருக்கிறது, தீபாவளிக்குப் பிறகு பார்க்கிறேன். சாலிடர் அண்ணே, மின்மினி அக்கா, நன்றி என்று ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்க முடியவில்லை.

மீட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பக்கத்து வீட்டு அண்ணன் தன் பெட்டியிலும் செருகிப் பார்க்கச் சொன்னார். ஐ7-8700கே, 4.9இல் நிலையான வோல்டேஜ், சும்மா நிற்கும்போது 91 வாட். பயாஸைத் திறந்தோம். சி-ஸ்டேட் அங்கேயும் அணைந்துதான் இருக்கிறது. அவருடைய போர்டில் அடாப்டிவ் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. அக்கா, நாளை படம் எடுத்துப் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.